பத்து வரிசை பஸ்ஸில் பன்னிரண்டு கட்டப் பாட்டு

1

இந்த வருடப் படிவம் என் முன்னால் கிடக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை காவல்துறைச் சான்று வாங்கிப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். 'கர்நாடகத்தில் எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, இரண்டு எண் மட்டும் கொள்கிற மாதிரி சின்னதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். 24 என்று எழுதினேன். இந்த ஆனியோடு இருபத்து நான்கு. எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். பேனாவை மூடியதெல்லாம் ஒரு சேதியா என்று ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் கேட்கலாம். போன வருடம் நான் மூடவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

போன வருடம் அதே கட்டத்தில் 23 என்று எழுதிக் கண்ணாடித் தடுப்புக்குள் நீட்டினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் நல்ல மனிதர் மாதிரி தெரிந்தார். நல்ல மனிதர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும். என் கன்னடம் பஸ் நிறுத்தங்களில் பொறுக்கியது. ஓட்டம் நன்றாக இருக்கும், பிரேக் பிடிக்காது. ஊர் பேர்ணாம்பட்டுப் பக்கம் என்றேன். மைத்துனன்தான் இங்கே கூட்டி வந்தான் என்றேன். அதற்கு முன்னால் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தேன், வாத்தியம் இன்னும் என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு 'வேறு தொழில்' என்ற இடத்தில் 'வாத்தியக்காரர்' என்று எழுதி, அதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். அந்தத் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது ஐயா என்றேன். அப்படியானால் விட்டதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்.

நான்கு நடை நடந்தேன். மேலதிகாரி ஒருவர் அந்த ஒரு வார்த்தையை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சான்று கைக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவி மஞ்சுளாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவரு ஒரு கட்டந்தான குடுத்தாரு? நீ இன்னாத்துக்குய்யா நாலு பக்கத்துக்கு ரொப்பிகினு வந்த?" என்றாள்.

சிரிப்போடு ஆரம்பித்தவள் முடிக்கும்போது சிரிக்கவில்லை. "நித்யா ஏன் உங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லன்னு இப்பனா தெரியுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு தண்டைப் பட்டென்று உடைத்தாள்.

நித்யா எங்கள் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். வயது இருபத்து இரண்டு. அவள் என்னிடம் பேச வேண்டும் என்பதுதான் எனக்கு இந்த ஊரில் மிச்சம் இருந்த ஒரே ஆசை. அது எப்படி நடந்தது என்பதையும், அதற்கு நடுவில் ஒரு சாதாரண ப்ளூஸ் பாட்டு எப்படி வந்து நின்றது என்பதையும் எழுதுகிறேன். சாக்ஸபோன் கையில் வைத்திருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதில் கொஞ்சம் சரக்கு உண்டு.

2

நாங்கள் இருப்பது நீலசந்திராவில். காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றால் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று எல்லா ஊர்ப் பேச்சும் ஒரே குழாயில் வரும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. மேல்வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குவார். அதனால் சாக்ஸபோனை வீட்டில் ஊத முடியாது. வாத்தியம் பஸ்ஸில்தான் குடியிருக்கிறது, என் சீட்டுக்குப் பின்னால், மஞ்சுளாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி.

பள்ளிக்கூடம் பிரேசர் டவுன் பக்கம். எட்டரை மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றுவதற்கு இரண்டரை ஆகும். அதுவரை வண்டி பக்கத்து மைதானத்தில் மரநிழலில் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், செல்போன் பார்ப்பார்கள். நான் ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டு ஊதுவேன். வியர்வையில் சட்டையைப் பிழியலாம் போல இருக்கும். ஆனாலும் ஊதுவேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் கதவை யாரோ தட்டினார்கள். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை செய்கிறவள். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, கன்னடத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மன்னிப்போடு நிறுத்தாமல் மேல்வீட்டுக்காரர் ஷிப்டு வரைக்கும் போய்விட்டேன். அவள் கடைசி வரை நின்று கேட்டுவிட்டு, பெயர் மேகனா, பியானோ வாசிப்பேன், உங்களுக்கு ப்ளூஸ் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடி வாசிக்கிறோம், புதிதாகக் கற்கிறவர்கள்தான், நீங்களும் வாருங்கள் என்றாள். புதிதாகக் கற்கிறவர்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆயிரம் கல்யாணத்துக்கு ஊதியவனை யார் என்று நினைத்தாள்?

3

அந்த ஆயிரம் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பேண்டு செட்டுக்கு ஓனர் பெருமாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஊர்வலத்தில் எங்களுக்குப் பின்னாலேயே குடையோடு நடந்து வருவார். மழைக்கு அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. எவன் வாத்தியத்திலிருந்து சத்தம் நிற்கிறதோ அவன் விலாவில் குடைப்பிடி இறங்கும். கூடவே ஒரு வசனம்: "காசு வாங்கிட்டு மூச்சு வாங்கறியாடா?"

அதனால் மூச்சைத் திருடக் கற்றுக்கொண்டோம். பக்கத்தில் ஊதுகிறவன் நிறுத்துகிற நொடியில் நான் நிரப்புவேன், நான் இழுக்கிற நொடியில் அவன் நிரப்புவான். தெரு முனையிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் ஒரு பொத்தல் விழாமல் சத்தம் போகும். ஓனர் சந்தோஷப்பட்டால் அடுத்த தெருவில் டீ வாங்கிக் கொடுப்பார். நடந்துகொண்டே ஊதியவர்கள் நாங்கள். நின்று ஊதியதே கிடையாது. பாட்டு எங்கே முடியும் என்றால், மாப்பிள்ளை இறங்குகிற இடத்தில் முடியும்.

இந்தப் பழக்கம் வாத்தியத்தோடு நிற்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சோறு தின்னும்போதும் பஸ் ஓட்டும்போதும் எங்கேயாவது பேச்சு அறுந்தால், என் விலா தானாகக் கூசும். உடனே எதையாவது சொல்லிவிடுவேன்.

4

ஞாயிற்றுக்கிழமை மேகனாவின் மாடியில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஒருவர் டிரம்ஸ், ஒருவர் கிட்டார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டைப் பாடிப் பாடி உண்டாக்கிய இசை இது என்று மேகனா சொன்னாள். சொல்ல வேண்டியதை ஒரு முறை சொல்வார்கள், அதையே இன்னொரு முறை சொல்வார்கள், மூன்றாவது முறை முடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் சொன்ன பிறகு கொஞ்சம் இடம் விடுவார்கள்.

கணக்கு இப்படி. பியானோ அடியில் பிடிக்கிற சுரக்கூட்டை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு தாள அடி. முதல் நாலு கட்டம் நம் வீட்டில். ஐந்தும் ஆறும் பக்கத்து வீட்டில். ஏழும் எட்டும் மறுபடி நம் வீடு. ஒன்பதில் மொட்டை மாடி, பத்தில் ஒரு படி கீழே, பதினொன்றும் பன்னிரண்டும் வாசலுக்கு வந்து அடுத்த சுற்றுக்குத் திரும்புவது. பாட்டு இரண்டு கட்டம் வரும், அடுத்த இரண்டு கட்டம் காலி. அந்தக் காலி இடத்தில் பியானோ பதில் சொல்லும். மூன்றே சுரம். பால்வாடிப் பிள்ளை கூட வாசிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் சங்கடம் கால். ஒரே இடத்தில் நின்றதும் என் கணக்கு போய்விட்டது. எல்லாரும் ஆறாவது கட்டத்தில் இருக்கும்போது நான் எட்டில் இருந்தேன். இரண்டாவது சங்கடம் அந்தக் காலி இடம். அது வந்ததும் விலா கூசியது, நிரப்பினேன். மேகனா பியானோவில் கையை வைப்பாள், அதற்குள் நான் உள்ளே புகுந்திருப்பேன். இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாலாவது சுற்றில் அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தமிழ் கன்னடத்தில் தோய்ந்த தமிழ்.

"அங்கிள், நீங்களே கேட்கிறீங்க, நீங்களே பதில் சொல்றீங்க. அப்புறம் நான் எதுக்கு? ஸ்வல்ப நில்லுங்க, பதில் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவ்வளவு சிரிப்பாக இல்லை. இதே பேச்சைக் கீரைத் தண்டோடு வேறு வாயிலிருந்து ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மைதானத்தில் வண்டியில் நின்றபோது ஒன்று தோன்றியது. கால் நடக்காமல் எனக்கு எண்ணிக்கை வராது. சரி, நடக்கலாம். என் பஸ்ஸில் கடைசி நீளச் சீட்டையும் சேர்த்துப் பத்து வரிசை. வரிசைக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு வரிசையிலும் நாலு அடி எண்ணி அடுத்ததற்கு நகர வேண்டும். பத்தாவது வரிசை முடிந்ததும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டுக்கும் சேர்த்து எட்டு எட்டில் ஓட்டுநர் சீட்டுக்குத் திரும்பி வந்தால் அடுத்த சுற்றுக்கு வண்டி ரெடி.

பிள்ளைகள் அதை இன்னும் சுலபமாக்கினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு யூகேஜி பெண், ஏறியதிலிருந்து இறங்குகிற வரை வாயே திறக்காது. அங்கே நானும் திறக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பையன், எப்போதும் சீட்டின் மேல் ஏறி நிற்பான். பாட்டும் அங்கேதான் இடம் மாறி மேலே ஏறும். ஒன்பது என்றால் எட்டாம் வகுப்பு வால்கள், அதுதான் உச்சம். பத்தில் கொஞ்சம் அடங்கியவர்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு கட்டமும் காலில் ஏறிவிட்டது.

காலிக் கட்டம்தான் ஏறவில்லை. வெறும் பஸ்ஸில் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் மூன்றாவது வரிசையில் நாலு அடி எண்ணுவதற்குள் உதடு துடிக்கும். வீட்டில் நானே ஒரு வழி செய்தேன். மஞ்சுளா எதையாவது சொல்லி நிறுத்தினால் உள்ளுக்குள் இரண்டு வரிசை நடந்து முடித்துப் பிறகு பேசுவது. முதல் தடவை செய்தபோது, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

5

இந்த இடத்தில் நம் ஊர் பேண்டு செட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ப்ளூஸ் பழக ஆசை இருந்தால் பெரிய பாட்டைப் பிடிக்காதீர்கள். மேகனா புதியவர்களுக்கென்று தானே கட்டிய மெட்டுகள் சில வைத்திருக்கிறாள். நான் அவற்றுக்குத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலாவது 'ஒத்தை'. ஒரே சுரம்தான் மொத்தப் பாட்டும். அதைக் குட்டையாக, நீளமாக, தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும். அலுப்பாக இருக்கும் என்பீர்கள். கீழே பியானோ வீடு மாறும்போது நம் ஒற்றைச் சுரத்தின் முகம் மாறுவதைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

அடுத்தது 'நொண்டி'. ஸ, க, ம என்று மூன்று சுரம். நாம் அடிகளைச் சரிசமமாக வெட்டிப் பழகியவர்கள். இதில் முன்னது நீளம், பின்னது குட்டை. ஒரு காலைச் சாய்த்து நடக்கிற மாதிரி. வேகம் வேண்டவே வேண்டாம். மூன்றாவது 'கேள்வி', நான் மாட்டிக்கொண்ட பாட்டு. இரண்டு கட்டம் கேட்டு, இரண்டு கட்டம் நிற்பது.

மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் இன்னொரு சுரம் உண்டு. ப்ளூஸின் காரம் முழுக்க அதில்தான். ஆனால் அதில் உட்காரக் கூடாது. வேகத்தடை மேல் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள் அல்லவா, தொட்டு ஏறி இறங்கிவிட வேண்டும். இன்னொன்று, உங்களிடம் இருப்பது ஆல்ட்டோ சாக்ஸபோன் என்றால், பியானோக்காரர் பி-ஃபிளாட் என்று சொல்லும்போது உங்கள் விரல் ஜி-யில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் நாள் நான் கிளப்பிய சத்தத்தை டிரம்ஸ்காரர் இன்னும் நடித்துக் காட்டுகிறார்.

6

நித்யாவுக்கு வருகிறேன்.

பி.காம் முடித்ததும் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நீலசந்திராவிலிருந்து போக வர நாலு மணி நேரம் ஆகிறது என்று அங்கேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கினாள். மாதத்தில் இரண்டு முறை வருவாள். தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். கன்னடமும் இங்கிலீஷும் அவளுக்கு ஓடுகிற வேகத்தில் எனக்குத் தமிழே ஓடாது. அவள் தோழிகளோடு பேசும்போது நான் பக்கத்தில் நின்றால், வேற்றூர் பஸ்ஸில் தெரியாமல் ஏறியவன் மாதிரி இருக்கும்.

அந்தக் கூச்சத்தைத்தான் பெருமையாகப் பேசித் தீர்த்தேனோ என்னவோ. தண்ணீர்க் குழாயில், டீக்கடையில், பிள்ளைகளை ஏற்றிவிட வருகிற தாய்மாரிடம் என்று எல்லாரிடமும், என் பெண் கண்ணாடிக் கட்டடத்தில் பதினோராவது மாடியில் வேலை செய்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். டீக்கடை அக்கா அவளைப் 'பதினொண்ணாவது மாடி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சித்திரை, வைகாசி விடுமுறையில் வண்டி பணிமனைக்குப் போய்விட்டது. வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் நித்யாவிடமிருந்து மூன்று முறை பகல் வேளையில் போன் வந்தது. வழக்கமாக அவள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால்தான் பேசுவாள், அதுவும் அம்மாவிடம். இந்த மூன்றும் எனக்கு வந்தவை. "அப்பா, ஒண்ணு சொல்லணும்," என்பாள். சொல்லும்மா என்று நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் முறை, வெயிலைப் பற்றி ஆரம்பித்து பி.ஜி. சாப்பாட்டில் முடித்தேன். இரண்டாவது முறை மேகனா கதை. மூன்றாவது முறை, உன்னைப் பற்றி இன்று டீக்கடையில் என்ன பேசினோம் தெரியுமா என்று எடுத்தேன். அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தது. அதையும் நிரப்பினேன். "சரிப்பா, வெச்சிடறேன்," என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தமில்லாத இடம் காதில் விழுந்தது. சரியாக இரண்டு கட்டம். மாடியில் மேகனா பியானோவில் கை வைக்கப் போய் எடுத்துக்கொண்ட மாதிரியே.

திரும்பக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லைப்பா என்றாள். மஞ்சுளாவிடம் கேட்டால், அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. பெண் இளைத்திருக்கிறாள், அது மட்டும் தெரிகிறது என்றாள். அந்த விடுமுறை முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே பத்து வரிசையையும் நடந்தேன். மூன்றாவதில் நிற்கவும் நாலாவதில் நிற்கவும் பழகினேன். எந்தப் பாட்டுக்கும் நான் அவ்வளவு உழைத்ததில்லை.

7

பள்ளி திறந்து இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். ஊதுவாயில் கட்டுகிற ரீடை நனைத்து, வாத்தியத்தை வாயில் வைத்து, முதல் வரிசையில் நிற்கிறேன். கதவு திறந்தது. நித்யா. முதுகில் பெரிய பை.

"சும்மாதான்பா வந்தேன்," என்றாள்.

புதன்கிழமை, ஆபீஸ் நேரம், பெரிய பை. இருபது கேள்வி தொண்டையில் வரிசை கட்டி நின்றன. வாயில் சாக்ஸபோன் இருந்ததுதான் காப்பாற்றியது.

"நீ வாசி. நான் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் இதே பள்ளியில் படித்த காலத்தில் என் வண்டியில் அவள் இடம் அதுதான். ஓட்டும்போது பார்க்கிற கண்ணாடியில் எனக்கு நன்றாகத் தெரிகிற வரிசை என்று நானே உட்கார வைத்த இடம்.

'கேள்வி'யை ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது வரிசையில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். காலி. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாலாவது வரிசை. அப்போதும் ஒன்றும் இல்லை. ஐந்து, ஆறில் அதே பாட்டு. ஏழு, எட்டு காலி. ஒன்பது, பத்து வாசித்துவிட்டு அவளைத் தாண்டித் திரும்பி வந்தேன். வாத்தியத்தை எடுத்துவிட்டுக் கேட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. எடுத்தால் நான்தான் பேசுவேன், அது எனக்கே தெரியும். மறுபடி ஒன்று, இரண்டு.

மூன்றாவது வரிசை.

"வேலை போயிடுச்சுப்பா."

நாலாவது வரிசை.

"மார்ச்சுலயே."

கால் தானாக ஐந்துக்கு நகர்ந்தது. வாசித்தேன். உதடு இறுக்கம் விட்டு சுரம் கொஞ்சம் கீழே சாய்ந்தது. ப்ளூஸில் அது தப்பில்லை. ஏழில் நின்றபோது அவள் சீட்டில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நெறைய பேர ஒரே மெயில்ல அனுப்பிட்டாங்க. நான் தப்பு ஒண்ணும் பண்ணலப்பா."

எட்டாவது வரிசையில் நின்றேன். நாலு அடி அவ்வளவு நீளம் என்று எனக்கு முன்னால் தெரியாது. ஒன்பது, பத்து வாசித்தேன். திரும்பி நடந்து அவள் சீட்டைத் தாண்டும்போது சொன்னாள்.

"நீ தெரு பூரா சொல்லி வெச்சிருக்க. பதினோராவது மாடின்னு. அத நான் எப்படிப்பா வந்து கலைக்கறது?"

ஓனர் பெருமாளின் குடைப்பிடி அத்தனை வருடத்தில் ஒருமுறை கூட அவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. ஆனாலும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு எட்டு எட்டில் வந்து சேர்ந்தேன். மூன்றாவது சுற்று. ஒன்று, இரண்டு. காற்று பாதிதான் போனது, பாட்டும் பாதிதான் வந்தது. மூன்றில் நின்றேன்.

"வீட்டுக்கே வந்துடட்டாப்பா?"

நாலாவது வரிசையும் அவளுடையது. போய் நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு அடி எண்ணி முடித்தேன். ஐந்தாவது வரிசை என்னுடையது. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தேன்.

"வா," என்றேன்.

8

அன்றைக்கு அவள் பெரிய பையை வீட்டில் இறக்கியதும் நடந்ததை மஞ்சுளாவிடம் சொன்னாள். மஞ்சுளா முதலில் அழுதாள். பிறகு, "ஒரே வார்த்தையா? இந்த ஆளா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

தெருவில் சொல்லி வைத்ததை நானே போய்க் கலைத்தேன். அது என் வேலை. டீக்கடை அக்காவிடம், கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், நித்யா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவர் அடுப்பை மட்டுப்படுத்திவிட்டு, என் மகனுக்கும் போன வருஷம் அப்படித்தான் ஆச்சு, நான் யாருகிட்டயும் சொல்லிக்கல என்றார். தினமும் அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். இது எனக்குத் தெரியாது. இப்போது அவர் நித்யாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். விவேக் நகரில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஆள் தேடுகிறார்கள் என்று துப்புக் கொடுத்ததும் அவர்தான். திங்கட்கிழமை நேர்காணல். என்ன ஆகும் என்று தெரியாது. இப்போதெல்லாம் நித்யா ராத்திரி சாப்பிடும்போது ஏதாவது ஒன்று சொல்கிறாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, பழைய பி.ஜி. அறையில் பல்லி இருந்தது, பஸ்ஸில் ஒருவர் தோளில் சாய்ந்து தூங்கினார், அப்படி. நான் இரண்டு வரிசை நின்றுவிட்டு, அப்புறம் என்கிறேன். அவள் தொடர்கிறாள்.

போன ஞாயிறு அவளையும் பிரேசர் டவுனுக்கு அழைத்துப் போனேன். 'கேள்வி'யை முழுதாக வாசித்தோம். மாடியில் எனக்கென்று ஒரு ஓரமாக நடக்க இடம் விட்டிருக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் நான் நிறுத்த, மேகனாவின் பதில் முதன்முதலாக முழுசாகக் காதில் விழுந்தது. ஆறு மாதமாக இவ்வளவு அழகாகவா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்? முடிந்ததும், அங்கிள் இப்போது என் இடம் முடிந்த பிறகும் நிற்கிறார் என்று அவள் நித்யாவிடம் கன்னடத்தில் புகார் சொன்னாள். இருவரும் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. பக்கத்திலேயே நின்றேன்.

இதையெல்லாம் ஊருக்கு எழுதி அனுப்பலாமா என்று நித்யாவிடம் கேட்டேன். யோசித்தாள். நான் நின்றேன்.

"அனுப்புப்பா. ஆனா நான் சொன்னத மட்டும் எழுது. நீயா எதுவும் ரொப்பாத," என்றாள்.

மஞ்சுளா உரக்கப் படிக்க, அவள் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். இரண்டு இடத்தில் ரொப்பியிருந்தேன். இரண்டையும் கண்டுபிடித்தாள். அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.